எளிய தின்பண்டங்கள்

உணவு உடலை வளர்ப்பது; விருந்து உறவை வளர்ப்பது. நாள்தோறும் உண்ணும் சோறும் குழம்பும் பசியைத் தணிக்கின்றன. ஆயின், பலர் ஓரிடத்தில் கூடி மகிழும் நாளில் பசி தணிவதோடு மனம் நிறைவு பெறுவதில்லை. வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் சுவையுள்ள பண்டம் ஒன்றைக் கொடுத்து, அவர் உண்பதைக் கண்டு மகிழவேண்டும் என்னும் விருப்பம் எழுகின்றது. அதனாலேயே விழா என்றவுடன் தின்பண்டத்தின் நினைவும் உடன் வருகின்றது. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையும், நவராத்திரிக்குச் சுண்டலும், கார்த்திகைத் திருநாளுக்குப் பொரியுருண்டையும் தமிழ்நாட்டு இல்லங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன.

இப்பண்டங்களை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவில் ஆவதன்று. அரிசி, பயறு, எள், கடலை, வெல்லம், தேங்காய் என்னும் இவையே இவற்றின் மூலப்பொருள்கள். செல்வர் வீட்டிலும் இவை உண்டு; ஏழை வீட்டிலும் ஏதேனும் ஒன்று உண்டு. பலர்க்கு வழங்கும் பண்டம் இத்தகையதாகவே இருத்தல் வேண்டும் என்பதை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செலவு சிறிதாதல், செய்முறை எளிதாதல், எடுத்துச் செல்லவும் பகிர்ந்து கொடுக்கவும் ஏற்றதாதல் ஆகிய மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த பண்டமே கூட்டத்திற்கு உரிய பண்டமாகும்.

தின்பண்டம் செய்யும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சியை இயற்றிய மாங்குடி மருதனார், மதுரை மாநகரின் இரவுக் காட்சியை விரித்துரைக்குமிடத்து, மெல்லிய அடைகளையும், இனிப்பை உள்ளே வைத்துப் பிடித்த மோதகங்களையும் விற்கும் வணிகரைக் காட்டுகின்றார். இன்று இல்லங்களிற் செய்யப்படும் கொழுக்கட்டைக்கு இத்துணைப் பழமை உண்டு. அரசர்களின் கோட்டைகள் அழிந்தன, அங்காடிகள் உருமாறின, மோதகம் மட்டும் எளிய இல்லங்களின் அடுப்படியில் அழியாது நிற்கின்றது.

பலர் சேர்ந்து உண்ணும் வழக்கமும் அத்தகையதே. ஆடித் திங்கள் 18ஆம் நாள் காவிரிக் கரையில் வாழும் மக்கள் ஆடிப்பெருக்கு விழாவைக் கொண்டாடுவர். அன்று வீடுதோறும் தேங்காய்ச்சோறு, புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு முதலியவற்றைச் சமைத்து, ஆற்றங்கரைக்கு எடுத்துச் செல்வர். புதுப்புனலை வணங்கியபின் நிழலில் அமர்ந்து, ஒரு வீட்டார் கொண்டுவந்ததை மற்றொரு வீட்டார்க்கு வழங்கி உண்பர். ஒரு வீட்டில் ஒரே வகைச் சோறு சமைத்திருந்தாலும், கரையில் அமர்ந்த ஒவ்வொருவரும் பலவகைச் சுவையையும் துய்த்துத் திரும்புவர். தனித்தனியே சிறிதாக இருந்த பொருள், ஒன்று சேர்ந்தபோது பெரிதாகின்றது.

சிறுவர் விளையாட்டாகச் சமைக்கும் கூட்டாஞ்சோறு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். ஒரு சிறுவன் ஒரு பிடி அரிசி கொண்டு வருவான். மற்றொருவன் பருப்புக் கொண்டு வருவான். ஒரு சிறுமி இரண்டு கத்தரிக்காயும் மற்றொருத்தி சிறிது புளியும் கொணர்வர். ஒன்றும் கொணர இயலாதவன் சுள்ளி பொறுக்கி வந்து அடுப்பை எரிப்பான். எல்லாம் ஒரே பானையில் வேகும். வெந்தபின், எந்தப் பருக்கை எவர் வீட்டது என்று எவராலும் பிரித்துக் காண இயலாது. மிகுதியாகக் கொடுத்தவன் செருக்குறுவதற்கும், குறைவாகக் கொடுத்தவன் நாணுவதற்கும் அங்கே இடமில்லை. கூட்டுண்டியின் உயிர்நிலை இதுவேயாகும்.

இனி, மாணவர்களும் தம் வீட்டுப் பெரியோர் துணையுடன் செய்யத்தக்க எளிய பண்டங்கள் சிலவற்றையும், அவற்றின் மூலப்பொருள்களையும் காண்போம்.

முதலில் நிலக்கடலை. இதனை வேர்க்கடலை என்றும், மணிலாக் கொட்டை என்றும் வழங்குவர். இதன் தாயகம் தென் அமெரிக்கா. ஐரோப்பியர் கடல் வழியே உலகைச் சுற்றத் தொடங்கிய பின்னரே இது பிற நாடுகளுக்குப் பரவியது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகராகிய மணிலாவின் பெயரை இது தமிழ்நாட்டில் இன்றும் தாங்கி நிற்பது, அது கடல் கடந்து வந்த பயிர் என்பதை நினைவூட்டுகின்றது. இச்செடியின் பூ நிலத்திற்கு மேலே பூக்கும். காயோ நிலத்திற்குள்ளே விளையும். பூ கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அங்கே காயாக முதிர்கின்றது. 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதச்சத்து உள்ளது. வளரும் பிள்ளைகளுக்குப் புரதம் இன்றியமையாதது. ஆதலின், கடலையுருண்டை நாவிற்குச் சுவை தருவதோடு உடலுக்கும் உரம் தருவதாகும்.

அடுத்தது பொரி. புழுங்கலரிசியை உப்புநீரிற் பதப்படுத்திக் காயவைத்து, நன்கு சூடேறிய மணலில் இட்டு விரைந்து கிளறினால் அது பொரிகின்றது. அரிசியினுள் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரம் கடுஞ்சூட்டால் திடீரென நீராவியாகி வெளியேற முயலும்போது, அரிசி பல மடங்கு பருத்து விடுகின்றது. சிறிதளவு அரிசி பெரும்படி பொரியாவதால், குறைந்த செலவில் பலர்க்கு வழங்க இது மிகவும் ஏற்றது.

எள்ளும் அவ்வாறே சிறந்தது. அளவிற் சிறிதாயினும் சுண்ணாம்புச்சத்து மிகுந்தது, எண்ணெய்ச்சத்தும் நிறைந்தது. எள்ளைக் களைந்து உலர்த்தி, வெறுஞ்சட்டியில் இட்டு அது படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, வெல்லத்துடன் சேர்த்து உரலில் இட்டு இடித்தால், அதிலுள்ள எண்ணெய் கசிந்து மாவையும் வெல்லத்தையும் தானே பிணைக்கின்றது. அதனை அப்படியே உருட்டி எள்ளுருண்டை ஆக்கலாம். இதற்குப் பாகு காய்ச்ச வேண்டுவதில்லை. ஆகவே, முதன்முதலாகத் தின்பண்டம் செய்யக் கற்பார்க்கு எள்ளுருண்டையே எளியது.

கடலையுருண்டைக்கும் பொரியுருண்டைக்கும் பாகு வேண்டும். பாகு காய்ச்சுதலே இவ்வகைப் பண்டங்களின் நுட்பம். பொருள் எவ்வளவு நல்லதாயினும், பாகு பதம் தவறினால் உழைப்பெல்லாம் வீணாகும். பதம் இளகினால் உருண்டை கையில் ஒட்டிக்கொண்டு குழையும். பதம் முற்றினால் கசக்கும். ஆதலின் பாகின் இயல்பை அறிதல் நலம்.

வெல்லத்தைத் தட்டிச் சிறிது நீரில் இட்டுக் கரைத்து, முதலில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். வெல்லத்தில் மணலும் சக்கையும் கலந்திருத்தல் இயல்பு. வடிகட்டிய கரைசலை அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினால் அது கொதிக்கத் தொடங்கும். தூய நீர் 100 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும். வெல்லம் கரைந்த நீரோ அதனினும் மிகுந்த சூட்டிலேயே கொதிக்கும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிக் குறைகின்றது. குறையக் குறையப் பாகு தடிக்கின்றது. தடிக்கத் தடிக்க அதன் சூடும் ஏறிக்கொண்டே செல்கின்றது. இதுவே பாகு பதம் மாறுவதன் காரணம்.

வெப்பமானி இல்லாத அடுப்படியில் இச்சூட்டை அறிவது எங்ஙனம்? அதற்கு முன்னோர் கண்ட வழி ஒரு கிண்ணம் தண்ணீரே. பாகில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தல் வேண்டும். துளி கரைந்துவிடுமாயின் பாகு இன்னும் முதிரவில்லை. இரு விரல்களுக்கிடையே வைத்து இழுக்க நூல்போல நீளுமாயின் அது கம்பிப் பதம். தண்ணீரில் விட்ட துளியைத் திரட்ட அது மெல்லிய உருண்டையாகுமாயின் உருட்டுப் பதம். அப்போது பாகின் சூடு ஏறத்தாழ 115 பாகை. இன்னும் சிறிது நேரம் காய்ந்தபின், திரட்டிய உருண்டையைத் தட்டில் எறிய ‘டங்’ என்று ஒலிக்குமாயின் அது கெட்டிப்பாகு. உருண்டை பிடிப்பதற்கு உரியது இப்பதமே. துண்டு போடும் கடலைமிட்டாய்க்கு இதனினும் சிறிது முற்றிய பதம் வேண்டும். அப்போது சூடு 150 பாகையை நெருங்கும். துளி நீரில் விழுந்தவுடன் இறுகி, ஒடித்தால் கண்ணாடிபோல் ஒடியும். விஞ்ஞானி வெப்பமானியால் அறிவதைப் பாட்டி ஒரு துளித் தண்ணீரால் அறிந்தாள் என்பது வியப்பிற்குரியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாகு கொதிநீரினும் மிகுந்த சூடுடையது. தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஆகவே, பாகு காய்ச்சுதலைப் பெரியோரே செய்தல் வேண்டும். கடலையை வறுத்துத் தோல் நீக்குதல், முறத்திற் புடைத்தல், ஆறத் தொடங்கிய பண்டத்தை உருட்டுதல், எண்ணி அடுக்குதல் முதலியவற்றைப் பிள்ளைகள் செய்யலாம்.

கடலையுருண்டை செய்யும் முறை வருமாறு: அரைக் கிலோ நிலக்கடலையைச் சீராக வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை பிடித்த கடலை, சுருங்கிய கடலை, நிறம் மாறிய கடலை ஆகியவற்றைத் தயங்காது எறிந்துவிடல் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையில் நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அந்நஞ்சு முற்றும் நீங்காது. 300 கிராம் வெல்லத்தைக் கெட்டிப்பாகாகக் காய்ச்சி, சிறிது ஏலப்பொடியும் சுக்குப்பொடியும் தூவி, கடலையைக் கொட்டி விரைந்து கிளற வேண்டும். கைபொறுக்கும் சூடு வந்ததும், அரிசிமாவைக் கையில் தடவிக்கொண்டு உருட்ட வேண்டும். ஆறிவிட்டால் பாகு இறுகி உருட்ட வாராது. ஆதலின், நான்கு கைகள் சேர்ந்து உருட்டினால் வேலை இனிது முடியும். இவ்வளவில் 20 கிராம் எடையுள்ள உருண்டைகள் ஏறத்தாழ 40 கிடைக்கும். ஒரு வகுப்பிற்கு இது போதும்.

பொரியுருண்டைக்கும் முறை இதுவே. கடலைக்குப் பதிலாகப் பொரியும், அதனுடன் சிறிது பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் சேர்த்தல் வேண்டும். பொரி ஈரத்தை எளிதில் ஈர்க்கும், வெல்லமும் அத்தகையதே. எனவே, ஆறிய உருண்டைகளை உடனே காற்றுப் புகாத பாத்திரத்தில் இட்டு மூடவேண்டும். இல்லையேல், மழைக்காலத்தில் அவை ஒரே நாளில் மொறுமொறுப்பை இழந்துவிடும்.

நெடுநாள் இருக்கவேண்டிய பண்டத்திற்குப் பொருள்விளங்காய் உருண்டை சிறந்த எடுத்துக்காட்டு. அரிசியையும் பாசிப்பயற்றையும் பொட்டுக்கடலையையும் வறுத்து மாவாக்கி, சுக்கும் ஏலமும் கூட்டி, வெல்லப்பாகு விட்டுச் சூட்டோடு சூடாக உருட்டுவர். இது கல்போல் உறுதியாக இருப்பதால் கடிப்பார்க்குப் பொறுமை வேண்டும். ஈரம் மிகக் குறைவாதலின் பல நாள் கெடாது. வழிநடைக்குக் கட்டுச்சோற்றுடன் எடுத்துச் செல்லத் தக்கது இது.

இனிப்பை விரும்பாதார்க்குச் சுண்டல் உண்டு. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை எனப் பயறு எதுவாயினும் சுண்டலாகும். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறவைத்தல் வேண்டும். அது நீரை உறிஞ்சி ஏறத்தாழ இரு மடங்கு எடையாகும். மறுநாள் உப்பிட்டு மலர வேகவைத்து, கடுகும் மிளகாயும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் தாளித்து, தேங்காய்த் துருவல் சேர்த்தால் சுண்டல் ஆயத்தமாகும். ஒரு கிலோ கடலையில் 40 பேர்க்கு ஆளுக்கு ஒரு பிடி வழங்கலாம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. உருண்டை நாட்கணக்கில் இருக்கும். சுண்டலோ அன்றன்றே உண்ணத் தக்கது. தேங்காய் சேர்ந்த பண்டம் வெயிற்காலத்தில் விரைவிற் கெடும். காலையில் செய்த சுண்டலை மாலைவரை வைத்திருந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தல் தீங்காய் முடியும்.

எளிய பண்டம்தானே என்று இவற்றை இகழ்தல் கூடாது. பதமறிந்து செய்யும் கைகள் எளிய பண்டத்தால் ஊருக்கே பெயர் தேடித் தந்துள்ளன. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் நிலத்தூராகிய கோவில்பட்டி, கடலைமிட்டாயால் புகழ் பெற்றது. அவ்வூர்க் கடலைமிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மணப்பாறையின் முறுக்கிற்கு 2023ஆம் ஆண்டில் அச்சிறப்புக் கிடைத்தது. கடலையும் வெல்லமும் எல்லா ஊர்களிலும் உண்டு. அரிசிமாவும் எல்லா ஊர்களிலும் உண்டு. அவ்வூர்களை உயர்த்தியது பொருளின் அருமை அன்று. கையின் பழக்கமும் உழைப்பின் நேர்மையுமே ஆகும்.

இத்தகைய பண்டங்களைப் பள்ளி விழாவிற் பயன்படுத்தும் வகையை இனி ஆராய்வோம். ஒரு சிற்றூர்ப் பள்ளி மாணவர், தம் வகுப்பு நூலகத்திற்குப் புத்தகம் வாங்க விரும்புகின்றனர் என்று கொள்வோம். ஆண்டுவிழா நாளில் வீட்டிற் செய்த தின்பண்டங்களை விற்றுப் பொருள் திரட்ட அவர்கள் முடிவு செய்கின்றனர். 40 கடலையுருண்டைகள் செய்ய 120 ரூபாய் செலவாகுமாயின், ஓர் உருண்டையின் அடக்கவிலை 3 ரூபாய். அதனை 5 ரூபாய்க்கு விற்றால் 200 ரூபாய் கிடைக்கும். செலவு போக 80 ரூபாய் எஞ்சும். ஐந்து குழுவினர் இவ்வாறு செய்தால் 400 ரூபாய் சேரும். கணக்குப் பாடத்தில் கற்ற அடக்கவிலையும் இலாபமும் இங்கே கைக்கு வந்த கல்வியாகின்றன.

ஆயின், இம்முயற்சியில் ஓர் இடர் மறைந்திருக்கின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, முந்திரியும் நெய்யும் நிறைந்த பண்டத்தை வெள்ளித்தட்டில் கொண்டு வரலாம். கூலி வேலை செய்யும் தாயின் மகன், ஒரு படிப் பொரியை மட்டுமே கொண்டு வரலாம். இருவர் பெயரையும் எழுதி, இரண்டையும் அருகருகே வைத்து, எது முதலில் விற்றது என்று கூவி அறிவித்தால் அந்தச் சிறுவன் மறு ஆண்டு விழாவிற்கே வாரான். நூலகத்திற்குப் புத்தகம் வரும். ஆனால், அதனைப் படிக்கவேண்டிய ஒரு பிள்ளையின் உள்ளம் விலகிவிடும். இதனினும் பெரிய இழப்பு யாது?

இதற்கு மாற்றுக் கூட்டாஞ்சோற்றிலேயே இருக்கின்றது. அவரவர் பண்டத்தை அவரவர் செய்து கொணர்வதை விடுத்து, அவரவர்க்கு இயன்ற பொருளைக் கொணர்ந்து ஓரிடத்திற் சேர்த்தல் வேண்டும். ஒருவன் வெல்லம் தருவான். ஒருத்தி கடலை தருவாள். அந்தச் சிறுவனின் பொரியும் அதில் சேரும். பொருள் தர இயலாதவர் கடலையை உடைக்கலாம், உருண்டை பிடிக்கலாம், கணக்கு எழுதலாம். உருட்டி முடித்தபின், எந்த உருண்டையில் எவர் வீட்டுக் கடலை உள்ளது என்று யார் சொல்ல வல்லார்? தட்டில் இருப்பது ஒருவர் பண்டம் அன்று, வகுப்பின் பண்டம்.

விற்கும் இடத்தில் தூய்மை தலையாயது. கையை வழலையிட்டுக் கழுவுதலும், நகம் களைதலும், பண்டத்தை ஈ மொய்க்காது மூடிவைத்தலும், கையால் எடாது கரண்டியாலோ இலைத் துண்டாலோ எடுத்துக் கொடுத்தலும் வேண்டும். நிலக்கடலையும் எள்ளும் சிலர் உடலுக்கு ஒவ்வா. அத்தகையோர்க்கு மூச்சுத்திணறல் முதலிய பெருந்துன்பம் உண்டாகலாம். ஆதலின், ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன சேர்ந்துள்ளன என்பதை ஒரு தாளில் எழுதி முன்னே வைத்தல் அறிவுடைமை. வாங்குவோர் நலத்தைப் பேணுவதே நல்ல வணிகத்தின் முதற்படியாகும்.

புறநானூற்றுப் புலவருள் ஒருவராகிய கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இவ்வுலகம் நிலைபெற்றிருப்பதற்குக் காரணமான சான்றோரின் இயல்புகளை எண்ணத் தொடங்கி, கிடைத்தற்கரிய உணவு கிடைத்தாலும் அதனைத் தனித்து உண்ணாமையையே முதலில் வைத்தார். அரிய உணவிற்கே அவ்விதி என்றால், ஒரு பிடி கடலைக்கும் ஒரு படிப் பொரிக்கும் சொல்லவும் வேண்டுமோ? கொடுப்பதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. பொருளைத் தூயதாகக் கொள்ளுதல், பதமறிந்து ஆக்குதல், பங்கிடும்போது எவரையும் சிறுமைப்படுத்தாதிருத்தல் என்னும் மூன்றும் போதும். இவற்றைக் கைக்கொண்டோர் வழங்கும் எளிய உருண்டையும் பெருவிருந்தாகும். இளமையிலேயே இப்பழக்கத்தை மேற்கொள்ளும் மாணவர், பிற்காலத்தில் எப்பொருளைப் பெற்றாலும் அதனைப் பிறரோடு பகிர்ந்து வாழும் பெற்றியினராய் விளங்குவர்.